மாடி ஆக்சஸ் பாயின்ட்டில் 5 ஜிகாஹெர்ட்ஸைக் காணோம்

ஜூன் 9, 2023 – வாசகர் கேள்வி

அண்ணாச்சி, நாகர்கோவில் வடசேரிப் பக்கம் வீடு. கீழே ஃபைபர் பெட்டி. மாடியில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருள்) ஏற்றி, கேபிள் இழுத்து, வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்திருக்கிறேன். புதன்கிழமை ராத்திரி மழையில் கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் பட்டியலில் வருவதே இல்லை. 2.4 ஒழுங்காக ஓடுகிறது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் கேட்டால் "சிப் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். மின்னல் அடித்திருக்குமா?

ஜூன் 9, இரவு 10.15

முதல் வேலையாக அணைத்துப் போடுவதை நிறுத்துங்கள், தம்பி. ஓப்பன்டபிள்யூஆர்டி தன் லாக் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு) முழுவதையும், கரண்ட் போனால் அழிந்துவிடும் ராமில்தான் வைத்திருக்கும். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

மின்னல் சந்தேகம் அர்த்தமில்லாதது இல்லை. சி7-இல் 2.4 ரேடியோ பிரதான சிப்பான க்யூசிஏ9558-க்குள்ளேயே இருக்கிறது. 5 ஜிகாவுக்குத் தனியாக க்யூசிஏ9880 என்று இன்னொரு சிப். ஒன்று செத்து மற்றது பிழைக்கலாம். ஆனால் அதைச் சோதிப்பது எளிது. பெட்டியின் அமைப்புப் பக்கமான லூசியில் வயர்லெஸ் பகுதிக்குப் போங்கள். இரண்டு ரேடியோ காட்டுகிறதா, ஒன்றுதானா? சிப் போயிருந்தால் இரண்டாவது ரேடியோ இருக்காது, அல்லது சிப் பெயர் இல்லாமல் வெறுமனே நிற்கும். சிப் பெயரோடு இருந்தால் சிப்புக்கு உயிர் இருக்கிறது, கடைக்காரர் சொன்னதை மறந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்லுங்கள். யாருக்குத் தெரியவில்லை? எல்லாச் சாதனத்துக்குமா, ஒன்றிரண்டுக்கு மட்டுமா? பெட்டி ஒலிபரப்பாமல் இருப்பது வேறு. அது ஒலிபரப்பியும் உங்கள் போன் கேட்காமல் இருப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஜூன் 9, இரவு 10.30

கேட்க விட்டுப்போச்சு. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பதிப்பு எண் பாருங்கள். வி1 அல்லது வி1.1 என்றிருந்தால் இத்தோடு விசாரணை முடிந்தது. அதில் இருக்கும் 9880 சிப்பின் முதல் வார்ப்பை, அந்த ரேடியோவை இயக்கும் ஏத்10கே டிரைவர் ஏற்பதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வி1-க்கு 5 ஜிகா கிடையவே கிடையாது. "முன்னாடி வேலை செய்ததே" என்கிறீர்கள், அதனால் வி2 அல்லது அதற்குப் பிந்தையதாகத்தான் இருக்கும். ஆனாலும் பாருங்கள். பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இது உதவும்.

ஜூன் 10, காலை 7.50

பதில் பார்த்தேன். வி2. ரேடியோ இரண்டும் இருக்கின்றன. போனில் "எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகிறது", டிவி ஸ்டிக்கில் ஒருபோதும் இல்லை. அந்த "எப்போதாவது"தான் எனக்கு வேண்டியது. சிப் செத்திருந்தால் எப்போதாவது கூட வராது.

நாட்டுக் குறியீடு என்ன, சானல் என்ன என்று சொல்லுங்கள். அப்புறம் லாக்ரீட் கட்டளை தரும் மொத்த வெளியீட்டையும் ஒட்டுங்கள். வடிகட்டிச் சுருக்கித் தர வேண்டாம், நீங்கள் தேவையில்லை என்று நினைத்து வெட்டும் வரியில்தான் விஷயம் இருக்கும்.

ஜூன் 10, இரவு 9.05

லாக் வந்தது. மூன்றே வரி போதும். டிஎஃப்எஸ்-கேக்-ஸ்டார்ட் (ராடார் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியது), அலைவரிசை 5500, சானல் 100, நேரம் 60 விநாடி. பிறகு டிஎஃப்எஸ்-கேக்-கம்ப்ளீட்டட் (கேட்டு முடித்தது). கொஞ்ச நேரம் கழித்து டிஎஃப்எஸ்-ரேடார்-டிடெக்டட் (ராடாரைக் கேட்டது). உங்கள் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அது சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் நல்ல பெட்டிகள் நிறைய பரணுக்குப் போயிருக்கின்றன.

5 ஜிகா என்பது ஒரே பட்டை இல்லை. 36 முதல் 48 வரை ஒரு துண்டு, 52 முதல் 64 வரை ஒன்று, 100 முதல் 144 வரை ஒன்று, 149 முதல் 165 வரை ஒன்று. சானல் எண்ணை ஐந்தால் பெருக்கி 5000-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 100 என்றால் 5500. நடுவில் இருக்கும் இரண்டு துண்டுகளில் ராடார்களும் இயங்குகின்றன. வைஃபைக்கு முன்பே குடியிருந்தவை அவைதான். அதனால் அமெரிக்கா, ஐரோப்பா விதிகளின்படி, அந்தச் சானல்களில் பேசும் முன் ஆக்சஸ் பாயின்ட் குறைந்தது 60 விநாடி வாய் திறக்காமல் கேட்க வேண்டும். ராடார் துடிப்பு எதுவும் காதில் விழாவிட்டால்தான் பேசலாம். பேசிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்த 30 நிமிடம் திரும்பி வரக்கூடாது.

இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். சானல் "தானியங்கி"யில் இருக்கிறது. கரண்ட் போவதற்கு முன் பெட்டி 44-இலோ எங்கோ நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் வந்ததும் தெருவில் எல்லார் வீட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்தன. நீங்கள் அனுப்பிய ஸ்கேனில் 36 முதல் 48 வரை அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இடம் தேடிய பெட்டி 100 காலியாக இருப்பதைப் பார்த்து அங்கே போய்விட்டது. போனதும் ஒரு நிமிடம் மௌனம். நீங்கள் அந்த ஒரு நிமிடம் பொறுக்காமல் "காணோமே" என்று மறுபடி அணைத்திருக்கிறீர்கள். மறுபடி ஒரு நிமிடம் மௌனம். பொறுத்திருந்த ஓரிரு தடவை போனில் தலைகாட்டியது. அப்புறம் ராடார் என்று எதையோ கேட்டு 52-க்கு ஓடியது, அங்கேயும் ஒரு நிமிடம் காத்திருப்பு.

டிவி ஸ்டிக்? இந்த நடுத்துண்டுச் சானல்களைப் பார்க்கவே தெரியாத டிவி ஸ்டிக்குகள் நிறைய உண்டு. ஆக்சஸ் பாயின்ட் தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்கு அந்தப் பெயர் தெரியாது.

செய்ய வேண்டியது: தானியங்கியை எடுத்துவிட்டு சானல் 36 என்று கட்டாயமாக வையுங்கள். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். சேமித்துவிட்டு ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ஜூன் 11, காலை 11.20

இன்னொரு வாசகர் அடித்துச் சொல்கிறார்: "இது தும்பா ராடார்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு எட்டாதா என்ன?"

தும்பாவில் இஸ்ரோவின் டாப்ளர் வானிலை ராடார் இருப்பது நிஜம். அது சி-பேண்ட் என்ற அலைவரிசைப் பட்டையில் இயங்கும் ராடார் என்பதும் நிஜம். நம் 5 ஜிகாவும் அந்த சி-பேண்டுக்குள்தான் வருகிறது. அதனால் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆனால் எனக்கு இது ஒத்துவரவில்லை. சி-பேண்ட் வானிலை ராடார்கள் வழக்கமாக நிற்பது 5600–5650 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நம் தம்பியின் பெட்டி 100-இல் 80 அகலத்தில் நின்றபோது பிடித்திருந்த இடம் 5490 முதல் 5570 வரை. அடுத்த தெருவில் கச்சேரி நடந்தால் இந்தத் தெருவில் போலீஸ் வராது. நடுவில் மலையும் தூரமும் வேறு.

என் ஊகம், இது பொய் அலாரம். சிப் ராடாரைப் படம் பிடித்துப் பார்ப்பதில்லை. குறுகிய துடிப்புகளை எண்ணி, அவற்றின் இடைவெளி தன்னிடமுள்ள அச்சோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. பக்கத்தில் வலுவாக இரையும் இன்னொரு வைஃபைப் பெட்டியே அந்த அச்சில் வந்து விழுந்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில், ஆக்சஸ் பாயின்ட்டை ஃபைபர் பெட்டியின் தலைமேல் வைத்திருந்தவரை தினமும் ராடார் வந்தது. அடுத்த சுவருக்கு மாற்றினார்கள், வருவது நின்றுவிட்டது.

முட்டத்து மீன்பிடிப் படகுகளின் ராடார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கப்பல், படகு ராடார்கள் 3 ஜிகாவிலும் 9 ஜிகாவிலும் இயங்குகின்றன. படகுகளை விட்டுவிடுவோம். சென்னைத் துறைமுகத்து வானிலை ராடாரைச் சொன்னவருக்கும் அதே பதில்தான். அது எஸ்-பேண்ட், 3 ஜிகாவுக்கும் கீழே.

உண்மையான ராடார் தகராறு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையக் கதையைத் தேடிப் படியுங்கள். 2009-இல் அங்கே வானிலை ராடாரின் திரையில் வெளிப்புற 5 ஜிகா இணைப்புக் கருவிகள் கோடு கோடாகக் கிழித்தன. அமெரிக்காவில் இந்த விதி இவ்வளவு இறுகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூன் 11, மதியம் 2.40

வடசேரித் தம்பியிடம் நாட்டுக் குறியீடு கேட்டிருந்தேன். "யூஎஸ்" என்கிறார். ஏன் என்றால், "ஒரு வீடியோவில் யூஎஸ் வைத்தால் பவர் கூடும் என்றார்கள்". இந்த வீடியோக்காரர்களை எல்லாம் ஒரு நாள் நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

குறியீட்டை மாற்றினால் உங்கள் பெட்டியின் பவர் ஆம்ப்ளிஃபையர் பெரிதாகாது. எந்தச் சானல், எவ்வளவு சக்தி, எங்கே ராடாருக்குக் காத்திருக்க வேண்டும் என்ற விதிப் பட்டியல்தான் மாறும். அமெரிக்கப் பட்டியலை எடுத்தால் அமெரிக்காவின் காத்திருப்பையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். நாம் இருப்பது இந்தியா, "ஐஎன்" என்றுதான் இருக்க வேண்டும். 2018 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை 5150–5350, 5470–5725, 5725–5875 என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கிறது. வீட்டுக்கு இதுவே தாராளம்.

அமெரிக்காவிலேயே இதை விளையாட்டாக விடவில்லை. அங்கே விற்ற சில ரவுட்டர்களில் பயனர் நாட்டுக் குறியீட்டை மாற்றி 2.4 ஜிகாவில் அளவை மீற முடிந்தது என்பதற்காக 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டித் தீர்த்தது. அதே உடன்பாட்டில், ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற வெளியார் மென்பொருளுக்கு வழிவிடுவது பற்றிச் சிப் தயாரிப்பாளர்களோடு பேசுவதாகவும் ஒப்புக்கொண்டது. அபராதத்தில் நமக்கும் கொஞ்சம் நன்மை.

ஜூன் 12, காலை 8.10

36-இல் வந்துவிட்டது. டிவி ஸ்டிக்கிலும் தெரிகிறது. வாழ்த்துகள் எல்லாம் வேண்டாம், வேகம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஜூன் 12, இரவு 8.45

வேகம் இழுக்கிறது என்கிறார். இழுக்கத்தான் செய்யும். அந்த நெரிசலைப் பார்த்துத்தானே பெட்டி 100-க்கே ஓடியது. நானே 36 என்று சொன்னது நோயைக் கண்டுபிடிக்க, குடியிருக்க அல்ல. கடைசித் துண்டில் 149-ஐ முயன்று பாருங்கள். அங்கேயும் ராடார் காத்திருப்பு இல்லை, உங்கள் ஸ்கேனில் அங்கே ஆளும் குறைவு.

ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் ஜப்பானில் வாங்கிய சாதனம் ஏதாவது இருக்கிறதா? அங்கே 149 முதல் மேலே உள்ளவை வைஃபைக்கு இல்லை. அந்தச் சந்தைக்கென்றே செய்த பொருள் 149-ஐப் பார்க்காமல் போகலாம். அப்படி ஒன்று இருந்தால் அதற்காக 36-க்கே திரும்ப வேண்டியிருக்கும்.

ஜூன் 14, மாலை 6.30

வேறொருவர், வேறு கதை. கடையில் கொடுத்து ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி வாங்கியிருக்கிறார், இவருடையதும் சி7 வி2. வந்த நாள் முதல் 5 ஜிகா இல்லை. லாக்கில் ஏத்10கே "காலிப்ரேஷன் கிடைக்கவில்லை" என்கிற மாதிரி அழுகிறது. இவருக்கு நாட்டுக் குறியீடு, சானல் எல்லாம் பேசிப் பயனில்லை.

ஒவ்வொரு பெட்டியையும் தொழிற்சாலையில் அளந்து, அதன் ரேடியோவுக்கு உரிய திருத்த எண்களை ஃப்ளாஷ் நினைவகத்தில் ஆர்ட் என்ற சின்னப் பகுதியில் எழுதி வைப்பார்கள். சி7 வி2-இல் 5 ஜிகாவுக்கான எண்கள் அந்தப் பகுதியின் 20480-ஆவது பைட்டில் தொடங்கி 2116 பைட் நீளம் ஓடும். அது அழிந்தால் டிரைவர் ரேடியோவை எழுப்பாது.

ஆனால் ஒரு முரண்பாடு இருக்கிறது. 2.4-க்கான எண்களும் அதே ஆர்ட் பகுதியில்தான், 4096-இல் தொடங்குகின்றன. மொத்தப் பகுதியையும் யாராவது துடைத்திருந்தால் இரண்டுமே போயிருக்க வேண்டும். உங்களுக்கு 2.4 ஓடுகிறது. அப்படியென்றால் பகுதி முழுதாக அழியவில்லை. ஒன்று அதில் பாதி கெட்டிருக்கிறது, அல்லது ஏற்றிய மென்பொருள் வேறு மாடலுக்கானது, எண்களைத் தவறான இடத்தில் தேடுகிறது. இரண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். எந்தக் கோப்பை ஏற்றினார்கள் என்று கடையில் கேளுங்கள். அதுவரை ஆர்ட்டைத் தொடாதீர்கள்.

எல்லோருக்கும்: புதுப் பெட்டி கைக்கு வந்ததும் ஆர்ட் பகுதியை நகலெடுத்து, கோப்புப் பெயரில் மேக் முகவரியை (அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்) போட்டு எங்காவது வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வேறொரு பெட்டியின் ஆர்ட்டை எடுத்து ஒட்டினால் ரேடியோ எழுந்துவிடும்தான். ஆனால் திருத்த எண்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை, சக்தி அளவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 14, இரவு 10.00

கடையில் கேட்டுவிட்டார். வேறொரு மாடலுக்கான கோப்பாம். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்களாம். சரியான கோப்பை ஏற்றினார், 5 ஜிகா வந்துவிட்டது. நல்லவேளை, ஆர்ட்டில் யாரும் கை வைக்கவில்லை.

ஜூன் 15, காலை 9.30

கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. ஒரு டியூஷன் சென்டரில் பார்த்தேன். காலையில் 5 ஜிகா இருக்கும், பிள்ளைகள் வந்து நிறைந்ததும் போய்விடும். யாரோ சானல் நெரிசல் என்று சொல்லிச் சானலை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கேபிள் வழியாகவே மின்சாரம் போகும் அமைப்பு அது. 802.3ஏஎஃப் என்ற பழைய தரத்துச் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், மறுமுனையில் நிச்சயமாகக் கிடைப்பது 12.95 வாட். மாட்டியிருந்த பெட்டியோ அதற்கடுத்த தரமான 802.3ஏடி கேட்பது, அதாவது 25.5 வாட் வரை. குறைந்த மின்சாரம் வந்தால் சில மாடல்கள் ஆன்டெனா வரிசையைக் குறைத்துக்கொள்ளும், சில ஒரு ரேடியோவையே மூடிவிடும். நடுவில், கேபிளில் மின்சாரம் சேர்க்கும் ஒரு இன்ஜெக்டர் வைத்ததும் சரியாயிற்று. வீட்டுப் பெட்டியிலும் இதே சங்கதிதான். ஒரிஜினல் அடாப்டர் கெட்டு, வோல்ட் மட்டும் பார்த்து ஆம்பியர் பார்க்காமல் இன்னொன்றைச் செருகியிருந்தால், முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஜூன் 15, காலை 9.40

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்து ஆக்சஸ் பாயின்ட் செய்கிறவர் கேட்டதற்கு: வைஃபை நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்களா? 3பி பிளஸ் முதல் அதைச் சொல்லாமல் ரேடியோவைத் திறக்கவிடாது. வெறும் 3பி என்றால் 5 ஜிகாவே கிடையாது, தேடாதீர்கள். இன்டெல் கார்டு உள்ள லேப்டாப்பை 5 ஜிகா ஆக்சஸ் பாயின்ட்டாக்கப் பார்ப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். அந்தக் கார்டுகள் தாமாக ஒலிபரப்பைத் தொடங்காதபடி பல சானல்களைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டை எடுக்கும் வழி பழைய லினக்ஸ் கெர்னல்களில் இருந்தது, பிற்பாடு எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 18, மாலை 5.15

வடசேரித் தம்பி மறுபடி வந்திருக்கிறார். 149-இல் மாடியில் பறக்கிறதாம், கீழே சமையலறையில் 5 ஜிகா தெரியவில்லையாம். "மறுபடி காணாமல் போச்சா அண்ணாச்சி?"

இல்லை, இது சிமென்ட் தளம். வெட்டவெளியிலேயே, ஒரே ஆன்டெனா அளவுக்கு, 5 ஜிகா சிக்னல் 2.4-ஐ விட ஆறேழு டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும். சக்தியில் சொன்னால் நாலைந்து மடங்கு குறைவு. கம்பி கட்டிய தளம் அதற்கு மேல் எவ்வளவு தின்னும் என்பது வீட்டைப் பொறுத்தது. கீழே ஃபைபர் பெட்டியிலேயே 5 ஜிகா இருக்குமே, அதை 36-இல் வைத்து அதே பெயர், அதே கடவுச்சொல் கொடுங்கள். மாடியில் 149. போன் தானே மாறிக்கொள்ளும், சில போன்கள் மாற அடம்பிடிக்கும்.

ஸ்மார்ட் பல்பு 5 ஜிகாவில் சேரவில்லை என்று அதே பதிவில் கேட்டிருக்கிறார். சேராது. பல்புக்குள் இருக்கும் இஎஸ்பி8266 வகைச் சிப்புகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

ஜூன் 24, இரவு 11.10

"அண்ணாச்சி, 5 ஜிகா மறுபடி போச்சு. இந்தத் தடவை நிஜமாகவே."

லாக் பார்த்தேன். ராடார் இல்லை, காலிப்ரேஷன் அழுகை இல்லை. வைஃபையை ஒலிபரப்பும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் தொடங்கும்போதே சானல் அமைப்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். 149-இலும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டாராம், 165 காலியாக இருந்ததாம், அங்கே போய்விட்டாராம். அகலம் அதே 80.

149, 153, 157, 161 நான்கும் சேர்ந்து ஒரு 80 அகலத் தொகுதி. 165 அதில் சேராத ஒற்றை. 20 அகலத்துக்கு மேல் அங்கே நிற்க முடியாது, காலியாக இருப்பதும் அதனால்தான். 149-க்கே திரும்புங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பகிர்ந்த 80, தனியாகக் கிடைக்கும் 20-ஐ விடப் பெரும்பாலும் மேல். இல்லை, 165-தான் வேண்டுமென்றால் அகலத்தை 20 ஆக்குங்கள். டிவி ஸ்டிக்குக்கு அது தாராளமாகப் போதும்.